பஸ் போகிற மலைக்கு நடந்து போவது எப்படி

டாப் ஸ்டேஷனுக்கு நடந்து போகப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று, அத்தை தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அங்கேதான் மூணாறிலிருந்து பஸ் போகிறதே, நீ எதற்கடா நடக்கிறாய்?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது என் தொழில். பதினைந்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த எல்லை மலைகளில் ஏறி இறங்குகிறேன். அத்தையின் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆனால் ஒழுங்காக நடப்பது எப்படி என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. முதன்முறையாக மலையேறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ‘இந்த ஆண்டுக்குள் இத்தனை சிகரம்’ என்று சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்களுக்காக.

எந்த மலை, எதற்கு

போடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை மதில்போல நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே தேயிலைக் காட்டிலும் ஏலத்தோட்டத்திலும் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். எல்லை என்பது சில இடங்களில் ஒரு சோதனைச் சாவடி, சில இடங்களில் ஒரு கல், பல இடங்களில் ஒன்றுமே இல்லை.

புதிதாக வருகிறவர்கள் உயரத்தைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனைமுடி 2,695 மீட்டர், மீசப்புலிமலை 2,640 மீட்டர் என்று எண்கள் வாயில் சுலபமாக வருகின்றன. அங்கேயே கணக்கு பிசகுகிறது. உயரம் மலையின் சங்கதி. நமக்கு வேண்டியது வேறு: வழியில் தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, பாதியில் திரும்ப நேர்ந்தால் திரும்ப முடியுமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘முடியாது’ என்று விடை வரும் மலைக்கு முதல் ஆண்டில் போகாதீர்கள்.

போடிக்காரர்கள் பரமசிவன் மலைக்கோயிலில் தொடங்கலாம். அரை நாளில் ஏறி, கும்பிட்டு, இறங்கி, வீட்டில் சாப்பிட்டுவிடலாம். கம்பம், கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாள் ஒன்றில் மட்டும்தான் விடுவார்கள். குமுளி வழியாக ஜீப் போகும். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் செங்குத்தாக நடக்க வேண்டும். கூட்டத்தோடு நடப்பதால் தனியாகத் தடம் மாறும் அச்சமில்லை. ஆனால் வெயிலும் நெரிசலும் சேர்ந்து வாட்டும். கோவைக்காரர்களுக்கு வெள்ளியங்கிரி. தெற்கே இருப்பவர்கள் அகத்தியர்கூடத்தை ஏக்கத்தோடு பேசுவார்கள். 1,868 மீட்டர் உயரம். கேரள வனத்துறை ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் அனுமதி தருகிறது. அது இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்கு இருக்கட்டும்.

என் மலை குரங்கணி. போடியிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் ஊர் வரும். அங்கிருந்து ஒரு பாதை சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கும், இன்னொன்று கொழுக்குமலைக்கும் ஏறுகிறது.

இந்தப் பெயர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்ததே இதில் அடங்கியிருக்கிறது. முதன்முதலில் கேட்டபோது டாப் ஸ்டேஷன் என்றால் ஏதோ சிகரம் என்று நினைத்துக்கொண்டேன். சிகரமே இல்லை. மூணாறின் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவர 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பெட்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகலச் சிறு ரயில்பாதை ஆனது. ரயில் வந்து நிற்கும் இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவழியில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் மலைச்சரிவில் இறங்கி, நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டி, அடிவாரத்தில் கொட்டகுடிக்கு வந்து சேர்ந்தன. பிறகு போடி, பிறகு துறைமுகம், கப்பல். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர்கள் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டன.

ஆக, நாம் மூச்சு வாங்க ஏறிப்போய்ச் சேரும் அந்த ‘உச்சி’, தேயிலைப் பெட்டிக்கு உச்சியாக இருந்ததே இல்லை. வண்டி மாறும் இடம், அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு, நானும் எழுதி வைத்திருந்த சிகரப் பட்டியலைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது.

அனுமதி இல்லாமல் அடி எடுத்து வைக்காதீர்கள்

நான் முதலில் ஏறிய காலத்தில் அனுமதி என்ற பேச்சே எங்கள் கூட்டத்தில் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணிச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேற வந்த இளைஞர்களும் பெண்களும். அன்று மாலை போடி அரசு மருத்துவமனைச் சாலையில் ஆம்புலன்ஸ்கள் வந்த சத்தத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை அறிவித்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்யும்படி வைத்தார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் இருக்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். டாப் ஸ்டேஷன் பாதையோ வேறு எதுவோ, அன்றைய நிலவரத்தை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டே புறப்படுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை தீப்பருவம், பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது. ‘தெரிந்த ஆள் இருக்கிறார், கூட்டிப்போவார்’ என்று யாராவது சொன்னால் அவரோடு தேநீர் குடியுங்கள், மலைக்குப் போகாதீர்கள்.

ஒன்று மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. காய்ந்த புல்லில் மனிதன் அதை ஓடி ஜெயிக்க முடியாது. புகை கண்ணில் பட்டால் வழிகாட்டி சொல்லும் திசையில், புல் இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து அணைந்த கரிக்காட்டுக்கோ ஓடைப்படுகைக்கோ பக்கவாட்டில் போக வேண்டும். மேலே ஓடக் கூடாது.

பருவம்: தேனிப் பக்கச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. ஆனி, ஆடியில் மூணாறு நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே காற்றுதான் வீசும். டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் நடப்பதற்கு நல்ல காலம். நீலக்குறிஞ்சிக்காகவே வருகிறவர்கள் 12 ஆண்டுக் கணக்கை நினைவில் வையுங்கள்: 2006, 2018, அடுத்தது 2030. அதுவரை சும்மா இருக்காமல் காலைப் பழக்கலாம்.

மூன்று வாரப் பழக்கம்

உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் தேவையில்லை. வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேர நடை, இரண்டு நாள் மாடிப்படி. படி ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். மெதுவாக, ஒவ்வொரு படியிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கி உடம்பைத் தாங்கும்படி. மலையில் தொடையைக் கொல்வது இறக்கம்தான். மூன்றாவது வாரம், அன்றைக்குக் கொண்டுபோகப் போகிற பையையே, அதே எடையோடு, தோளில் மாட்டி நடந்து பாருங்கள். கடைத்தெருவில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

மூட்டு வலி, நெஞ்சு வலி, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நேரக் கணக்கு

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழங்குகிறது. தட்டையான தூரத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம். ஒரு பேச்சுக்கு, பாதை 10 கிலோமீட்டர், ஏற்றம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு இரண்டு மணி, ஏற்றத்துக்கு நூறு நிமிடம், ஆக மூன்று மணி நாற்பது நிமிடம். இது குளிர்நாட்டில் நடந்து பழகியவரின் கணக்கு. நம் வெயிலுக்கும் நம் உட்கார்ந்து எழுதும் தொழிலுக்கும் ஒன்றரை மடங்கு போடுங்கள். ஐந்தரை மணி நேரம். இறங்க நான்கு மணி நேரம் வையுங்கள்.

குரங்கணிச் சரிவு கிழக்குப் பார்த்தது. அதனால் காலை வெயில் நேராக முதுகில் விழும். பிற்பகலில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். போடி வெளிச்சமாக இருக்கும்போதே மலைமடியில் இருட்டு கட்டும். ஆகவே விடியும்போது நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு மேலே, நாலரைக்குள் கீழே. நடுவில் மிஞ்சுகிற ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கும் சும்மா இருப்பதற்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு மணியையும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: திரும்பும் மணி. எங்கே இருந்தாலும் சரி, அந்த மணி அடித்ததும் முகம் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். இந்த உதாரணத்துக்குப் பன்னிரண்டரை. இதை வீட்டில், வயிறு நிறைந்திருக்கும்போது, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மலையில் முடிவு செய்தால் ஆசைதான் முடிவு செய்யும்.

பை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலை தட்டிப் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை, கெடாது, நசுங்கினாலும் ருசி மாறாது. கடலை மிட்டாய், இரண்டு பெருநெல்லிக்காய். நெல்லியைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் நாவில் இனிப்பு ஊறும், தாகம் கொஞ்ச நேரம் அடங்கும். டார்ச், விசில், சிறு கத்தி, ஒட்டுப்பட்டை, மெல்லிய மழைச்சட்டை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. புதுச் செருப்போ புது ஷூவோ அன்றைக்கு வேண்டவே வேண்டாம். பழகிய ஷூ, இரண்டு காலுறை. காலுறையும் காலுறையும் உரசிக்கொள்ளும், தோல் பிழைக்கும். மழைக்குப் பிறகு போனால் அட்டை ஏறும். துணியில் உப்பு முடிந்து தொட்டுவிட்டால் உதிர்ந்துவிடும். பிய்த்து எறியாதீர்கள், அரிப்பு பல நாள் நிற்கும். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும், ஆகவே முழுக்கைச் சட்டை ஒன்று.

காதில் மாட்டும் பாட்டுக் கருவியை வீட்டில் வைத்துவிடுங்கள். காட்டுமாடும் யானையும் இருக்கும் காட்டில் காது வேலை செய்தாக வேண்டும்.

நடை

இதை எனக்குக் கற்றுத்தந்தது எந்தப் பயிற்சியாளரும் இல்லை. தினமும் விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்கு போடியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு மேலும் நடக்க வேண்டும். கடை வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போனபோது அவர்கள் பின்னால் நடந்தேன். என் வயது முப்பது, முன்னால் போன அம்மாவுக்கு அறுபதுக்குக் குறையாது. பத்து நிமிடத்தில் நான் வாய் திறந்து மூச்சு விட்டேன். அவர் மகளின் மாமியாரைப் பற்றி நீளமாக ஒரு கதை சொல்லிக்கொண்டே ஏறினார். கதையில் ஒரு இடத்திலும் மூச்சு அறுபடவில்லை.

பின்னால் நடந்தபடி அவர் காலைப் பார்த்தேன். அடி ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். பாதம் முழுதும் தரையில் படிந்த பிறகே அடுத்த கால் எழுந்தது. உயரமான கல் வந்தால் அதன்மேல் ஏறாமல் சுற்றிப்போனார், இரண்டு சின்ன அடியாக. மேட்டிலும் சமதரையிலும் ஒரே தாளம். மேட்டில் அடி சுருங்கியது, தாளம் மாறவில்லை. நானோ சமதரையில் பாய்ந்து, மேட்டில் நின்று, மறுபடி பாய்ந்துகொண்டிருந்தேன். ஒருமுறைகூட அவர் மேலே நிமிர்ந்து ‘இன்னும் எவ்வளவு’ என்று பார்க்கவில்லை.

ஆகவே நடைக்கு என் விதி ஒன்றே ஒன்று: கதை சொல்ல முடிகிற வேகம். முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். முதல் அரை மணி நேரம் இன்னும் மெதுவாக, பக்கத்தில் வருகிறவர் எரிச்சல்படும் அளவுக்கு மெதுவாக. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதற்கு மேல் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும். தாகம் எடுப்பதற்கு முன்னால் இரண்டு மிடறு. கூட்டமாகப் போனால் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போய்க் காத்திருந்து, மெதுவானவர் வந்து சேர்ந்ததும் ‘சரி, கிளம்பலாம்’ என்பார். ஓய்வு தேவைப்பட்டவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. அலுவலகங்களிலும் இதையே பார்க்கிறேன்.

அந்தத் தோட்டத்தில் இன்னொன்றும் பார்த்தேன். ஏலச்செடியில் காய், இலைக்கு நடுவிலோ கிளை நுனியிலோ காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படர்கிறது. எடுக்கிறவர்கள் குந்தி உட்கார்ந்து, சரத்தைக் கையில் ஏந்தி, விளைந்த காயை மட்டும் கிள்ளி எடுக்கிறார்கள். ஒரே சரத்தில் விளைந்ததும் பிஞ்சும் பூவும் சேர்ந்தே இருக்கும். எல்லாம் ஒன்றாக விளையட்டும் என்று காத்திருந்தால் முதலில் பழுத்தது வெடித்து வீணாகிவிடும். அதனால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று வருகிறார்கள். கடையில் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற பருமனான காயை மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, மாதக்கணக்கில் நீளும் அந்தச் சுற்று அன்றுதான் தெரிந்தது. மகிழ்ச்சியை மார்ச் 31 கணக்கு முடிவதுபோல ஒரு தேதிக்குத் தள்ளி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தச் சரத்தைப் பார்த்த பிறகு அது கொஞ்சம் குறைந்தது.

தோட்டத்துப் பெண்களின் நடையைப் புகழ்கிறேனே தவிர அவர்கள் படும் பாட்டை அழகாக்கவில்லை. அவர்கள் ஏறுவது கூலிக்காக. 2015இல் மூணாறில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் போனஸுக்கும் கூலிக்கும் ‘பெண்பிளை ஒருமை’ என்று சாலையில் உட்கார்ந்தார்களே, அவர்களும் இதே நடை நடக்கிறவர்கள்தான். நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்களுக்குத் திங்கள் முதல் சனி. பாதையில் எதிரே சுமையோடு வந்தால் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், மலைப்பக்கமாக.

பொய் உச்சி

ஏறிக்கொண்டே இருப்பீர்கள். மேலே வானம் தொடுகிற விளிம்பு ஒன்று தெரியும். ‘அதுதான், வந்துவிட்டது’ என்று மிச்சமிருந்த தெம்பை எல்லாம் போட்டு ஏறுவீர்கள். விளிம்பைத் தாண்டினால் பின்னால் இன்னொரு மலை, அதே உயரத்தில், உங்களுக்காகவே காத்திருந்ததுபோல. சரிவு வளைந்திருப்பதால் வருகிற ஏமாற்றம் இது. மேல்பகுதியைப் பக்கத்து மேடு மறைத்துவிடுகிறது.

வழிகாட்டியாக வந்த முதுவர் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம் “இன்னும் எவ்வளவு தூரம் ஐயா?” என்று ஒரே காலையில் ஆறு முறை கேட்டேன். ஆறு முறையும் “பக்கம்தான் சார்” என்றார். ஏழாவது முறை நின்று, பாதையோரத்தில் ஈர மண்ணைக் காட்டினார். காட்டுமாட்டின் குளம்புத் தடம். பிளவு இரண்டும் துல்லியமாகப் பதிந்து, உள்ளே இன்னும் நீர் ஊறிக்கொண்டிருந்தது. “இப்போதுதான் போயிருக்கிறது. நீங்கள் தூரத்தையே கேட்டுக்கொண்டு வந்தீர்கள்.” நான் மிதிக்கப் பார்த்தது அந்தத் தடத்தைத்தான்.

செய்ய வேண்டியது: விளிம்பைப் பார்த்து நடக்காதீர்கள். அடுத்த வளைவு, அடுத்த மரம், அடுத்த ஓடை என்று பிடித்துக்கொண்டு போங்கள். விளிம்பு வந்தால் வரட்டும்.

திரும்பும் மணி

கார்த்திகை மாதம். அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு, நானும் மச்சானும் கொழுக்குமலைக்கு ஏறினோம். திரும்பும் மணி பன்னிரண்டு என்று முந்தைய இரவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம், விளையாட்டாகத்தான். பதினொன்றரைக்கு மூடுபனி இறங்கியது. பன்னிரண்டுக்கு, பனி விலகிய ஒரு கணத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை தெரிந்தது. இருபது நிமிட நடை இருக்கும். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன். “திரும்பலாம்” என்றேன்.

மச்சான் பாதி மலை இறங்கும்வரை பேசவில்லை. இப்படி ஒரு கதை சொன்னால் இதற்குப் பிறகு பெருமழை பெய்திருக்க வேண்டும், ‘நல்லவேளை திரும்பினோம்’ என்று முடிய வேண்டும். பெய்யவில்லை. ஒரு மணிக்கெல்லாம் பனி முழுதும் விலகி, வெயில் அடித்து, அந்தக் கூரை கீழேயிருந்து பார்க்கத் தகதகவென்று மின்னியது. மச்சான் அதைக் கையால் சுட்டிக்காட்டினார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

அந்த முடிவு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தெரிந்தது பனி மட்டும். ஒரு மணி வெயில் எனக்குத் தெரியாது. 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டியும் பலர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அந்த இரவிலும் மறுநாளிலும் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கைதேர்ந்தவர்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது கடிகாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடையில் நஷ்டத்தில் சரக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘விலை ஏறும், இன்னும் கொஞ்சம்’ என்று காத்திருந்து வீடு விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இலக்கு இருந்தது. திரும்பும் மணி இல்லை.

அதனால் எந்த இலக்கை எழுதினாலும் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: எந்த நாளில், எந்த நிலையில் இதை விட்டுவிடுவேன். விட்ட பிறகு மச்சான் பேசமாட்டார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும்

முதல் முறை டாப் ஸ்டேஷனில் ஏறி நின்றபோது என்ன பார்த்தேன் தெரியுமா? கடை வரிசை. வேகவைத்த மக்காச்சோளம், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், கேரட் கட்டு. மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர் காரிலும் பஸ்ஸிலும் வந்த கூட்டம் இஸ்திரி கலையாத உடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரம் ஏறி வந்து, வியர்வை உப்புப் பூத்த சட்டையோடு, நான் அவர்களுக்கு நடுவில் நின்றேன். ஒரு குழந்தை என்னைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்தது. அத்தையின் கேள்வி அங்கேதான் உண்மையில் உறைத்தது. சத்தியமாக ஏமாந்ததுபோல இருந்தது.

இப்போது ஏமாற்றம் வருவதில்லை, காரணம் எளிது. மேலே போனதும் பரிசு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு போவதில்லை. போனதும் பையை இறக்கி, ஈரச் சட்டையை மாற்றி, இருபது நிமிடம் போனைத் தொடாமல் உட்காருவேன். கிழக்கே போடியும் தேனியும் தட்டில் கொட்டிய அரிசிபோலச் சிதறிக் கிடக்கும். காலையில் நடக்கத் தொடங்கிய இடத்தைக் கண்ணால் தேடுவேன். அதற்குப் பிறகு மக்காச்சோளம். அது நன்றாகவே இருக்கிறது, மறுப்பதற்கில்லை.

உச்சியில் தங்கும் நேரம் அரை மணி, ஒரு மணி. நடை ஒன்பது மணி நேரம். மகிழ்ச்சியை அந்த அரை மணியில் வைத்தால் மிச்ச ஒன்பது மணி நேரமும் வெறும் செலவாகிவிடுகிறது. கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், அது மோசமான வியாபாரம். அப்படியானால் உச்சியே வேண்டாமா? வேண்டும். உச்சி இல்லாவிட்டால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருக்க மாட்டேன். எந்தப் பக்கம் நடப்பது என்பதற்கு அது தேவை. அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்காமல் இருப்பது நல்லது.

இறக்கம்

ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், விரல் முன்னால் இடித்து நகம் கறுக்காமல் இருக்க. முழங்காலை நேராக விறைத்து வைக்காதீர்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில், வளைந்து வளைந்து இறங்குங்கள். ஒரு கம்பு இருந்தால் கொஞ்சம் சுமை அதற்கு. கால் தவறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். உடம்பு களைத்திருக்கிறது, மனம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது.

இறக்கத்தை அவசரப்படுத்தாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. டேனியல் கானமன் என்ற உளவியலாளர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், 1993இல் சகாக்களோடு ஒரு சோதனையை வெளியிட்டார். கையை 14 டிகிரிக் குளிர்நீரில் ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், அதோடு மேலும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நீரை மெல்ல 15 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை கூடுதல்தான். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, நினைவு அதையே பிடித்துக்கொண்டது.

ஆகவே கடைசி அரை மணியை நன்றாக வையுங்கள். குரங்கணிக்கு முன்னால் ஓடை வரும். ஷூவைக் கழற்றிக் காலை நீரில் விடுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு ஊரில் ஒரு தேநீர், ஒரு பருப்பு வடை. கடைசிப் பஸ் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்திருந்தால் இந்தத் தேநீரைப் பதற்றமில்லாமல் குடிக்கலாம்.

மறுநாள்

தொடை வலிக்கும். இரண்டாம் நாள் இன்னும் வலிக்கும். பயப்படாதீர்கள், மூன்று நான்கு நாளில் சரியாகும். படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடங்கள். ஒரு பக்க முழங்கால் மட்டும் வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த மலையை இந்த வாரமே முடிவு செய்யாதீர்கள். ஒரு நோட்டில் அன்று கண்ணில் பட்டதை எழுதுங்கள். உயரமும் தூரமும் வேண்டாம். என் நோட்டில் கடைசியாக இருப்பது: குளம்புத் தடத்தில் ஊறிய நீர், சென்ட்ரல் ஸ்டேஷனில் மோர் கொடுத்த வீட்டின் நீல வாசற்கதவு, மச்சான் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தது.

போன வாரம் அத்தை அந்த நோட்டை எடுத்துப் படித்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் பார்த்தால் பரணிலிருந்து என் பழைய கான்வாஸ் ஷூவை இறக்கி, வாசற்படியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமசிவன் மலைக்குப் பாதி வரைக்கும் வரட்டுமா என்று கேட்டார். ஷூ ஒரு அளவு பெரியது. இரண்டு காலுறை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.